காகிதம் பழுக்கும் வேகம்

ஓசூரில் பாகலூர் சாலைப் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடை. வாசலில் கம்பெனி அட்டைப்பெட்டிகள் கட்டுக்கட்டாக நிற்கும். அதைத் தாண்டி உள்ளே போனால்தான் புத்தகம். சிப்காட்டில் வேலைக்கு வந்தவர்கள் வீடு மாற்றும்போது போட்டுவிட்டுப் போனவை அவை. ஐடிஐ பாடநூல், கன்னடப் பஞ்சாங்கம், தெலுங்கு வாரப் பத்திரிகை, தமிழ் மாத நாவல் எல்லாம் ஒரே குவியல். போன மழைக்காலத்தில் அந்தக் குவியலின் அடியில் ஒரு தடித்த புத்தகம் கையில் சிக்கியது. மங்கிய காலிகோ துணி ஒட்டிய அட்டை. உள்ளே முதல் பக்கங்களும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. ஏதோ பத்திரிகையில் வந்த தொடர்கதையை மாதாமாதம் பிரித்தெடுத்துச் சேர்த்து, வீட்டில் யாரோ பைண்டு பண்ணி வைத்திருக்கிறார்கள்.

"அண்ணே, இது எவ்வளவு?"

"எடைக்குத்தான் சார். கை வச்சாலே உதிருது, இதை எதுக்கு எடுக்குறீங்க?"

தராசில் போட்டார். முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

வீட்டுக்கு வந்து ஒரு தாளின் மூலையை மெதுவாக மடித்தேன். ஒரு தடவை மடித்தது தாங்கியது. திருப்பி மறுபக்கம் மடித்ததும் அப்பளம் மாதிரிப் பொட்டென்று உடைந்து விரலோடு வந்துவிட்டது. நூலகர்கள் இப்படித்தான் சோதிப்பார்கள். எத்தனை மடிப்புக்குத் தாங்குகிறது என்று எண்ணி அந்தப் புத்தகத்துக்கு இன்னும் எவ்வளவு ஆயுள் என்று மதிப்பிடுவார்கள். ஒன்றரை மடிப்பில் உடையும் தாளை இனி வாசகர் கையில் கொடுக்க முடியாது.

ஆனால் எழுத்து? கன்னங்கரேலென்று அப்படியே இருக்கிறது. தாளைத் திருப்பி விரலால் தடவினால் ஈய எழுத்து அழுந்திய மேடுகூடத் தட்டுப்படுகிறது. அச்சு மை பெரும்பாலும் கரித்தூள். கரி வெளுக்காது, அமிலத்துக்கும் அசையாது. சொன்னது நிற்கிறது, சொல்லைத் தாங்கிய தாள்தான் கைவிடுகிறது.

தலைப்புப் பக்கம் இல்லாத புத்தகத்துக்கு வயது கண்டுபிடிப்பது சுவாரசியமான வேலை. இதில் 'லை', 'னை' எல்லாம் முன்னால் தும்பிக்கை போட்ட பழைய வடிவம். 'ணா', 'றா', 'னா' மூன்றும் கால் வாங்காமல் வளைந்து நிற்கின்றன. பெரியார் 1935-லேயே 'குடிஅரசு' இதழில் கைவிட்ட வடிவங்கள் இவை. தமிழக அரசு ஆணை போட்டு மாற்றியது 1978-ல். ஆக, புத்தகம் அதற்கு முந்தியது. நடுவில் ஒரு கூந்தல் தைல விளம்பரத்தில் விலை அணாவில் போட்டிருக்கிறது. புதுக்காசு வந்தது 1957 ஏப்ரல் 1. இன்னும் பின்னால் போகலாம். தாள் சில மாதங்களுக்கு மட்டும் திடீரென மெலிந்து, எழுத்தும் பொடிசாகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் காகிதப் பஞ்சம் என்று ஊகிக்கலாம். ஆக, ஏறக்குறைய எண்பது வயது. அந்த வயதில் காகிதத்துக்கு என்ன நடக்கிறது?

காகிதம் என்பது செல்லுலோஸ் நார்களின் பின்னல். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நிற்கும் நீளச் சங்கிலி. பருத்தியில் அந்தச் சங்கிலியில் பத்தாயிரம் கண்ணிகள் வரை இருக்கும். மரக்கூழ்க் காகிதத்தில் ஆயிரம் அளவில் இருக்கும். காற்றிலுள்ள ஈரமும் காகிதத்துக்குள் இருக்கும் அமிலமும் சேர்ந்தால் சங்கிலி அங்கங்கே அறுபடும். நாலு முழ மல்லிகைச் சரத்தை அங்கங்கே நறுக்கிப் போட்டது மாதிரி. பூவின் எண்ணிக்கை குறையவில்லை, எடையும் குறையவில்லை, ஆனால் தலையில் வைக்க முடியாது. சங்கிலியின் சராசரி நீளம் இருநூறு, முந்நூறு கண்ணிகளுக்கு வந்ததும் தாள் அப்பளமாகிவிடும். எடைக்கு வாங்கும் கடைக்காரருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, படிக்க நினைப்பவருக்குத்தான்.

அந்த அமிலம் எங்கிருந்து வந்தது? 1807-ல் இல்லிக் என்ற ஜெர்மானியர், மை பரவாமல் இருக்கக் காகிதக் கூழிலேயே பிசினையும் படிகார வகை உப்பையும் கலக்கும் வழியைக் கண்டுபிடித்தார். மலிவான வழி என்பதால் உலகமே பிடித்துக்கொண்டது. அந்த உப்பு ஈரம் பட்டால் அமிலம் கக்கும். அதற்கு அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் கந்தல் துணிக்குப் பதில் மரத்தை அரைத்துக் கூழாக்கும் இயந்திரம் வந்தது. மரத்தில் செல்லுலோஸோடு லிக்னின் என்ற பசைப்பொருளும் உண்டு. வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பது அதுதான். காலைப் பேப்பரை மாடியில் வெயிலில் மறந்துவிட்டு மாலையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். இதில் மோசமான ஒரு சங்கதி, அமிலம் இந்த வேலையில் செலவாகித் தீர்ந்துபோவதில்லை. சிதைவிலிருந்து புதிய அமிலமும் பிறக்கிறது. பழுக்கப் பழுக்க வேகம் கூடும்.

பழைய புத்தகத்தை முகர்ந்தால் வருகிற லேசான தித்திப்பு வாசனைகூட இதன் துணைவிளைவுதான். லிக்னின் உடையும்போது வெனிலாவில் இருக்கும் அதே வெனிலின் வெளிவருகிறது. செல்லுலோஸ் சிதையும்போது பர்ஃபியூரல் என்ற வேதிப்பொருள் ஆவியாகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த மத்தியா ஸ்ட்ர்லிச் குழுவினர் 2009-ல் புத்தகத்தைக் கிழிக்காமல், தொடாமல், வாசனையை மட்டும் அளந்து அதன் உடல்நிலையைச் சொல்ல முடியும் என்று காட்டினார்கள். நாம் ஆசையாக முகரும் அந்த மணம், புத்தகம் கரைந்து காற்றில் கலக்கும் மணம்.

ஓசூர்க்காரர்களுக்கு அடுத்த விஷயத்தை விளக்கவே வேண்டாம். ஒரு உதிரிபாகம் பத்து வருஷம் தாங்குமா என்று பார்க்கப் பத்து வருஷம் காத்திருக்க மாட்டார்கள். சூட்டிலும் அதிர்விலும் வைத்துச் சில நாட்களில் 'லைஃப் டெஸ்ட்' முடித்துவிடுவார்கள். அமெரிக்காவில் வில்லியம் பாரோ என்ற ஆவணப் பாதுகாப்பாளர் இதையே காகிதத்துக்குச் செய்தார். 100 டிகிரி அடுப்பில் 72 மணி நேரம் வைத்தால் ஏறக்குறைய 25 ஆண்டு வயதானதற்குச் சமம் என்பது அவர் கணக்கு. 1900 முதல் 1949 வரை அச்சான 500 புத்தகங்களின் தாளைச் சோதித்து 1959-ல் முடிவை வெளியிட்டார். அவற்றில் 97 சதவீதம் இன்னும் ஐம்பது ஆண்டுகூடப் புழக்கத்தில் தாங்காது. அடுப்பு நிஜ ஆயுளைத் துல்லியமாகச் சொல்லாது என்று பின்னால் வந்தவர்கள் குறை சொன்னார்கள். ஆனால் என் கையிலிருக்கும் புத்தகம் பாரோ பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

சூடு என்றால் எவ்வளவு சூடு? அறை வெப்பநிலையில் ஒவ்வொரு ஐந்து டிகிரி குறைவுக்கும் காகிதத்தின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். சென்னையின் ஆண்டுச் சராசரி வெப்பம் 28, 29 டிகிரி. பெங்களூரில் 24. ஓசூரும் ஏறக்குறைய அதே உயரத்தில், அதே பீடபூமியில் இருக்கிற ஊர். திருவல்லிக்கேணியில் ஒரே நாளில் அச்சான ஒரு நாவலின் இரண்டு பிரதிகளில், ஒன்று அங்கேயே தங்கிவிட, இன்னொன்று ஓசூருக்கோ தேன்கனிக்கோட்டைக்கோ வாழ்க்கைப்பட்டுப் போன பெண்ணின் டிரங்குப் பெட்டியில் வந்திருந்தால், இங்கே வந்த பிரதி ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் தாங்கியிருக்கும். கடற்காற்றின் ஈரமும் இங்கே இல்லை. பழைய தமிழ்ப் புத்தகம் தேடுகிறவர்கள் சென்னை மூர்மார்க்கெட்டை நினைத்து ஏங்குவது போதும், இந்தப் பக்கத்துப் பரண்களைப் பார்க்கலாம்.

திருவல்லிக்கேணி என்று சும்மா சொல்லவில்லை. தமிழில் நாவல்களை எழுதிக் குவித்த ஒரு பெண் அங்கிருந்துதான் எழுதினார். வை. மு. கோதைநாயகி அம்மாள், 1901-ல் பிறந்தவர், ஐந்தரை வயதில் திருமணம், பள்ளிக்கூடம் போனதே இல்லை. முதலில் எழுதவே வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதியதுதான் முதல் நாடகம் 'இந்திர மோகனா'. பிறகு எழுதக் கற்று, 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்தத் தொடங்கி, 'வைதேகி' நாவலைத் தொடராக வெளியிட்டார். அதிலிருந்து கணக்கு நூற்றுப் பதினைந்து நாவல்கள். காங்கிரஸ் மேடையில் பேசினார், பாடினார், சிறைக்குப் போனார், சிறையிலும் எழுதினார். 'ராஜமோகன்' 1937-லும் 'அநாதைப் பெண்' 1938-லும் சினிமாவாயின. 1960-ல் இறக்கும்வரை பேனாவைக் கீழே வைக்கவில்லை.

நூற்றுப் பதினைந்தும் நல்ல நாவல் என்று நான் சொல்ல மாட்டேன். தற்செயல்கள் அளவுக்கு மீறிக் கைகொடுக்கும். பாத்திரங்கள் நின்று நிதானமாக உபதேசம் செய்யும். ஆனால் விதவையின் வாழ்வு, வரதட்சணை, குடி, குழந்தை மணம் என்று அந்தக் காலத்து வீட்டுக்குள் நடந்ததை, வீட்டுக்குள்ளிருந்தே, வீட்டுப் பேச்சிலேயே சொன்ன பக்கங்கள் அவை. படிக்கத் தெரிந்த முதல் தலைமுறைப் பெண்கள் பலர் எழுத்துக்கூட்டிப் படித்த கதைகள். அவற்றில் எத்தனையை இன்று கடையில் கேட்டு வாங்க முடியும்? விரல் விட்டு எண்ணலாம்.

ஏன் என்று கேட்டால் ரசனை மாறிவிட்டது, விமர்சகர்கள் ஒதுக்கினார்கள் என்றுதான் வழக்கமாகப் பதில் வரும். அது உண்மைதான், ஆனால் பாதி. மீதிப் பாதி காகிதத்தில் இருக்கிறது. எல்லாரும் வாங்க வேண்டும் என்று விலையைக் குறைத்த புத்தகம் மலிவுத் தாளில்தான் அச்சாகும். நடுவில் அடித்த இரும்புப் பின் துருப்பிடித்துச் சுற்றியிருக்கும் தாளையும் சேர்த்துத் தின்னும். பத்து வீடு சுற்றி இரவல் போன பிரதி கிழியும். யாரும் தொடாத தத்துவ நூல் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருக்கும். அதிகம் படிக்கப்பட்டதே அதிகம் அழிந்தது. ஆணெழுதிய துப்பறியும் நாவல்களுக்கும் இதே கதிதான், மறுக்கவில்லை.

ஆனால் பெண்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஒரு புத்தகம் பிழைக்க வேண்டுமானால் முதல் பதிப்பின் தாள் சாவதற்குள் அடுத்த பதிப்பு வந்துவிட வேண்டும். பனையோலைக்கும் இதே விதிதான். முந்நூறு வருஷத்துக்குள் யாராவது பெயர்த்தெழுதிவிட வேண்டும். இங்கே கெடு ஐம்பது வருஷம். அந்த அடுத்த பதிப்பை யார் போடுவது? பெரிய பதிப்பகம் வெளியிட்டிருந்தால் அதன் வாரிசு போடும், பாடத்திட்டத்தில் இருந்தால் அரசு போடும். கோதைநாயகிக்குப் பதிப்பகமும் அவரே, பத்திரிகையும் அவருடையதே. அவர் போனபின் அந்த நாவல்களை அச்சில் வைத்திருப்பதைத் தன் பிழைப்பாகக் கொண்ட நிறுவனம் எதுவும் இல்லை. காகிதத்தின் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இது தமிழில் மட்டும் நடந்ததா? ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி சோதனைச்சாவடியைத் தாண்டி, பெங்களூர், மைசூர் வழியாக நஞ்சன்கூடு போய்ப் பாருங்கள். கபிலை ஆற்றங்கரை ஊர். திருமலாம்பா 1887-ல் பிறந்தது அங்கேதான். பதினான்கு வயதில் கணவனை இழந்தவர். 1913-ல் 'சதி ஹிதைஷிணி' என்று தாமே ஒரு நூல்வரிசையைத் தொடங்கித் தம் நாவலை வெளியிட்டார். பிறகு 'கர்நாடக நந்தினி' பத்திரிகை. நவீனக் கன்னடத்தின் முதல் பெண் நாவலாசிரியர் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். எழுத்தாளரே பதிப்பாளர், அவரே பத்திரிகாசிரியர். கோதைநாயகியின் கதையை அப்படியே கன்னடத்தில் கேட்கிற மாதிரி இல்லையா? அவர் 1982 வரை, தொண்ணூற்றைந்து வயதுவரை வாழ்ந்தார். புத்தகங்களோ அவருக்கு முன்பே கண்ணில் படாமல் போய்விட்டன.

அதே நஞ்சன்கூட்டில், அவருக்கு ஒன்பது ஆண்டு முன்னால், 1878-ல் பிறந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மா. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவராக அவரை நமக்குத் தெரியும். பெண் எழுத்தை மறுபதிப்பில் மீட்ட முன்னோடி என்று அவரைச் சொல்கிறவர்கள் குறைவு. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் அவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் கவிஞர் தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்தவனம்' காவியத்தை நாகரத்தினம்மா தேடிப் பிடித்தார். 1887-ல் வந்த அச்சுப் பதிப்பில் பகுதிகள் விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்து, சுவடியோடு ஒப்பிட்டு, 1910-ல் வாவிள்ளா நிறுவனத்தின் மூலம் முழுமையாக வெளியிட்டார். மூலத்தைத் தேடு, முந்தைய பதிப்போடு ஒப்பிடு, விட்டதைச் சேர், எதையும் மழுப்பாதே. நல்ல மறுபதிப்புக்கு இன்றைக்கும் இதைத் தாண்டி இலக்கணம் கிடையாது. ஆபாசம் என்று சொல்லி அடுத்த ஆண்டே அரசாங்கம் புத்தகத்தைத் தடை செய்தது. தடை நீங்கியது 1947-ல்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடை பெஞ்சில் கலந்து பேசும் ஓசூரில் இருந்துகொண்டு இந்த மூன்று பெண்களையும் தனித்தனி அலமாரியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் இருக்கிறார்கள். 1936-ல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' எழுதிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயர் அரசுத் திருமண உதவித் திட்டத்தில் வீடுதோறும் போய்ச் சேர்ந்தது. அவர் நாவல் எழுதியவர் என்பது போய்ச் சேரவில்லை. அந்த நாவல் 2003-ல் ஆங்கிலத்தில் வந்தது. யாழ்ப்பாணத்தில் மங்களநாயகம் தம்பையா 1914-லேயே 'நொறுங்குண்ட இருதயம்' எழுதிவிட்டார். குமுதினி, குகப்ரியை என்று பட்டியல் நீளும். பெங்களூரிலும் பம்பாயிலும் வளர்ந்த அம்பை, சி. எஸ். லக்ஷ்மி என்ற தம் பெயரில் 1984-ல் தமிழ்ப் பெண் எழுத்தாளர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுநூல் இந்தத் தேடலுக்குப் பெரிய திறவுகோல்.

இங்கிலாந்தில் இதே தேடல் ஒரு சேகரிப்பு மோகமாகவே மாறியது. கார்மென் காலில் தொடங்கிய விராகோ பதிப்பகம் 1978-ல் மறக்கப்பட்ட பெண் நாவல்களுக்கென்று ஒரு வரிசையை ஆரம்பித்தது. எல்லாப் புத்தகத்துக்கும் பச்சை முதுகு. பழைய புத்தகக் கடையில் பத்தடி தள்ளி நின்றே அடையாளம் கண்டுகொள்ளலாம். 1999-ல் வந்த பெர்செஃபனி பதிப்பகம் எல்லா நூலுக்கும் ஒரே சாம்பல் நிற அட்டை போட்டது. திறந்தால் உள்தாளில் அந்த நாவல் வெளியான காலத்துத் துணி ஒன்றின் வேலைப்பாடு. யாருக்கும் தெரியாத எழுத்தாளரின் பெயரை நம்பி வாசகர் காசு கொடுக்க மாட்டார். ஆனால் வரிசையை நம்பி வாங்குவார், விட்டுப்போன எண்ணைத் தேடி வாங்குவார். தீப்பெட்டிப் படம் சேர்த்த பையனுக்குப் புரியும் மனநிலைதான். நம்மூரில் கோதைநாயகிக்கு இப்படியொரு வரிசை வந்தால் உள்தாளுக்குச் சுங்குடிப் புள்ளியும் செட்டிநாட்டுக் கட்டமும் இருக்கவே இருக்கின்றன.

அப்படியொரு பதிப்பைப் போட என்ன தேவை? முதலில் பிரதி. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களைக் கொண்டு 1994-ல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகம் இதில் தலைவாசல். கன்னிமாரா இருக்கிறது. வெள்ளைக்காரன் 1867-ல் அச்சகங்களைக் கண்காணிக்கப் போட்ட சட்டத்தால் லண்டன் வரை போய்ச் சேர்ந்த பிரதிகளும் உண்டு. உளவு பார்க்க எடுத்தது இன்று நமக்கு உதவுகிறது. இவை எதிலும் இல்லாத தொடர்கதைக்கு வீட்டு பைண்டிங்தான் கதி.

பிறகு எழுத்தைப் பெயர்க்க வேண்டும். படமெடுத்தால் கணினியே எழுத்தை வாசித்துத் தட்டச்சாக்கித் தரும் என்பது சரிதான். ஆனால் இன்றைய எழுத்தில் பழகிய மென்பொருளுக்குத் தும்பிக்கை 'லை' வந்தால் தலை சுற்றும். பழைய அச்சில் துணைக்காலும் 'ர'வும் அண்ணன் தம்பி போல இருக்கும். மனிதன் அர்த்தத்தை வைத்துப் பிரித்துப் படித்துவிடுவான், இயந்திரம் தடுமாறும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எழுத்து சரியாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. பக்கத்துக்கு 1,200 எழுத்து என்றால் 24 பிழை, இருநூறு பக்கத்துக்கு 4,800 பிழை. அத்தனையையும் ஒருவர் மூலத்தை வைத்துக்கொண்டு புரூஃப் பார்த்தாக வேண்டும். தமிழ் விக்கிமூலத்தில் தன்னார்வலர்கள் பலர் ஸ்கேன் படத்தை ஒரு பக்கமும் எழுத்தை மறுபக்கமும் வைத்துக்கொண்டு இதைத்தான் செய்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து தினம் ஒரு பக்கம் பார்ப்பவர்களும் இதற்குப் போதும்.

புரூஃப் பார்ப்பவருக்கு ஒரு சபலம் வரும். 'ஸந்தோஷம்' என்று இருப்பதைச் 'சந்தோஷம்' ஆக்கலாமே, 'வெகு' வரும் இடமெல்லாம் 'மிக' போடலாமே என்று. அந்தக் கையைக் கட்டிப்போட வேண்டும். எந்த வீட்டில் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு அந்த எழுத்துதான் தடயம்.

மூன்றாவது, பொருள். இங்கே ரசாயனம் மறுபடியும் வருகிறது. அமிலத்துக்கு மாற்று சுண்ணாம்பு. காகிதக் கூழில் சுண்ணாம்புக்கல் மாவைக் கலந்தால் தாளில் பிறக்கும் அமிலத்தை அது அவ்வப்போது அடக்கிக்கொண்டிருக்கும். நிலைத்த காகிதத்துக்கான சர்வதேசத் தரம் 1994-ல் வந்தது. குறைந்தது இரண்டு சதவீதச் சுண்ணாம்புக்குச் சமமான காரம் தாளில் இருக்க வேண்டும் என்கிறது. லிக்னினும் பெரும்பாலும் நீங்கியிருக்க வேண்டும். இப்படிப்பட்ட தாள் நூற்றாண்டுகள் தாங்கும்.

தாளுக்கு அடுத்தது தையல். இன்று பெரும்பாலான புத்தகங்கள் முதுகைச் செதுக்கிச் சூடான பசை தடவி ஒட்டியவை. நாலு தடவை விரித்தால் பக்கம் கையோடு வரும். பதினாறு பக்க ஃபாரமாக மடித்து, மடிப்பின் நடுவே நூல் விட்டுத் தைத்த புத்தகம் மேசையில் தட்டையாகத் திறந்து கிடக்கும். காகிதத்துக்கு நார் ஓட்டமும் உண்டு, மரத்துக்கு இருப்பது போல. நார் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஈரக்காற்றில் புத்தகம் அலை அலையாக நெளியும். கடையில் புத்தகம் வாங்கும்போது தலைப்பக்கம் முதுகை உற்றுப் பாருங்கள். சின்னச் சின்ன மடிப்புகள் வளைவாகத் தெரிந்தால் தையல், மொட்டையாகப் பசை மட்டும் தெரிந்தால் ஒட்டல்.

இதற்கெல்லாம் விலை கூடும். கூடட்டும் என்பேன், ஒரு நிபந்தனையோடு. பளபள அட்டை, பொன்னெழுத்து, பட்டு நூல் நாடா எல்லாம் வைத்துவிட்டு, எந்த ஆண்டுப் பதிப்பைப் பார்த்து அச்சிட்டோம் என்று ஒரு வரிகூடப் போடாத மறுபதிப்புகளை வாங்கி ஏமாந்திருக்கிறேன். முதலில் எந்த இதழில் எந்த மாதம் வந்தது, எந்தப் பக்கம் கிடைக்கவில்லை, எதைத் திருத்தினோம் என்பதை முன்னால் சொல்லாத பதிப்பு அலமாரிப் பொம்மை. கூடவே சாதா அட்டையில் மலிவுப் பதிப்பும் மின்னூலும் வர வேண்டும். கோதைநாயகி அணாக் கணக்கில் விற்றதை ஆயிர ரூபாய்க்கு மட்டும் விற்பது அவர் வாசகிகளுக்குச் செய்யும் துரோகம். சட்டத் தடையும் இல்லை. ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு என்ற கணக்குப்படியே அவருடைய பதிப்புரிமை 2020-ஓடு முடிந்துவிட்டது.

என் முக்கால் கிலோ புத்தகத்துக்கு வருகிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஃபிளாஷ் போடாமல், செல்போனிலேயே எல்லாப் பக்கத்தையும் படமெடுத்துவிட்டேன். முழுதாக விரித்து அமுக்கவில்லை. பாதி திறந்த நிலையில் ஒரு பக்கம் ஒரு பக்கமாக எடுத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. துருப்பிடித்த பின்களைக் குறடால் நிமிர்த்திக் கழற்றினேன்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை, இங்கே எங்கே இருந்தாலும் சரி, பாட்டி பைண்டு பண்ணி வைத்த தொடர்கதை வீட்டில் இருந்தால் எடைக்குப் போடும் முன் படமெடுத்துவிடுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், அதன் பசை தாளுக்குள் இறங்கிக் கறையாகும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பூச்சி வராமல் இருக்க வேப்பிலையைப் பக்கத்துக்கு நடுவே வைப்பார்கள். இலையின் சாறும் தாளில் கறை விடும், வைப்பதானால் அலமாரி மூலையில் வையுங்கள். பரணிலிருந்து கீழே இறக்குங்கள். கூரைக்கு அடியில் இருப்பதால் வீட்டிலேயே சூடான இடம் அதுதான். ஐந்து டிகிரிக்கு இரட்டை ஆயுள் என்ற கணக்கு அங்கே தலைகீழாக வேலை செய்கிறது. பீரோவின் அடித்தட்டு போதும்.

இன்னொன்று. நான் வைத்திருக்கும் நாவலில் கதாநாயகி கமலம், புகுந்த வீட்டில் யாருக்கும் சொல்லாமல் விடியற்காலையில் ஜோலார்பேட்டையில் ரயிலேறுகிறாள். அதோடு பக்கம் தீர்ந்துவிட்டது. அவள் எங்கே இறங்கினாள் என்று படித்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.